பேஸ் நின்றுபோனால்

அன்புள்ள ஐயா,

என் மகன் கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். மூன்று வாரமாக அவன் அறையிலிருந்து ஒரே பாட்டு. கேட்டால் ‘குட் டைம்ஸ்’, ஷீக் என்ற குழு, 1979 என்றான். நானும் ஃபோனில் முழுக்கக் கேட்டேன். எட்டு நிமிஷம் சொன்னதையே சொல்கிறார்கள். வரிகளும் வெறும் கொண்டாட்டம். போதாக்குறைக்கு க்வீன் குழுவின் பாட்டிலிருந்து சுட்டதுபோல் இருக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? அவனை மெட்டை வாசித்து முன்னால் நிற்கிற லீட் கிட்டாருக்கு மாறச் சொல்லலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

சுட்ட கதையை முதலில் முடித்துவிடுவோம். க்வீனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ வந்தது 1980. ஷீக் அதற்கு முந்தைய வருஷம். க்வீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் ஷீக்கின் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்து பார்த்தவர். யார் வீட்டு அடுப்பிலிருந்து யார் நெருப்பு வாங்கிப் போனார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரிகள் பற்றியும் அதிகம் பேசமாட்டேன். அந்தப் பாட்டில் வரும் ‘நல்ல நாள் திரும்பிவிட்டது’ என்ற வாசகம் 1929இன் ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கா பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவில் கிடந்தபோது பாடியது. 1979இல் பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்ற நேரத்தில் அதை எடுத்துப் போட்டவர்கள் வெறுமனே கொண்டாடவில்லை. அவ்வளவுதான், மேலே போவோம்.

‘ஃபோனில் கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, ஈ ஸ்வரம், விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு. உங்கள் ஃபோனில் இருக்கிற சுண்டைக்காய் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அந்தப் பாட்டின் கதாநாயகனை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்து ‘கதையே இல்லை’ என்கிறீர்கள்.

பாட்டில் மொத்தம் இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. ஈ மைனர், ஏ. இரண்டும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். ஷீக்கின் கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸின் வலது கை கிட்டாரில் ஒரு நொடிகூட நிற்பதில்லை. இடது கை மட்டும் கம்பியை அழுத்தி விட, அழுத்தி விட, பாதி ஸ்வரமும் பாதி வெறும் ‘சிக் சிக்’ சத்தமுமாக விழும். டோனி தாம்ப்சன் டிரம்ஸில் அலங்காரமே செய்யாமல் ஆணி அடிக்கிறார். இவர்களுக்கு அடியில் பேஸ் வாசிக்கிற பெர்னார்ட் எட்வர்ட்ஸ். ஒரே ஈ ஸ்வரத்தை மூன்று முறை வைக்கிறார். டும், டும், டும். அப்புறம் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மாவுக்கு அப்புறம்தான் படியேறுகிற மாதிரி ஓர் ஓட்டம். ஆடுகிறவனின் கால் அந்த இடைவெளியில்தான் தூக்கி நிற்கிறது, இறங்க இடம் தேடி. நடுவில் குரல், வயலின் எல்லாரும் விலகிக்கொள்ள, பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எட்டு நிமிஷம் அதற்குத்தான். அந்த வருஷமே ஷுகர்ஹில் கேங் என்ற ராப் குழு இதே பேஸை வேறு ஆட்களை வைத்து வாசிக்கச் செய்து அதன்மேல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடினார்கள். ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றதும் இருவர் பெயரும் அந்தப் பாட்டில் ஏறியது. ராப் பாட்டு ஊரெல்லாம் பரவிய முதல் அலை, உங்கள் மகன் அறையில் கேட்கிற அதே டும் டும் டும்தான்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான் இருந்தபோது பக்கத்து அறையில் ஒருவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தார். விரல் பழக அவர் எடுக்கிற முதல் பாடமும் இதுதான். நானும் உங்களைப் போலச் சலித்துக்கொண்டேன். ஒருநாள் என் உள்ளங்கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து, “காதால கேட்காதீங்க” என்றார். கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். பாடகிக்கு ஆளாளுக்கு நூறு ரூபாய்த் தாள் நீட்டினார்கள். இவரை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் பாட்டில் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வாசிப்பதை நிறுத்தினார். மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் தளர்ந்தார்கள். ஒருவன் கரண்ட் போய்விட்டதோ என்று மேலே ஃபேனைப் பார்த்தான். மறுபடி வாசித்ததும் எல்லாக் காலும் தானாக எழுந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது.

எட்வர்ட்ஸைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த ஃபேனைப் பார்த்த பையன் ஞாபகம் வருகிறான். 1996 ஏப்ரலில் தோக்கியோ புடோகான் அரங்கில் கச்சேரி. உடம்பு சரியில்லை, வேண்டாம் என்றும் கேட்காமல் ஏறினார். நடுவில் பேஸ் நின்றது. ஏதோ புதிதாக இடைவெளி விட்டுப் பார்க்கிறார், பிரமாதம் என்றுதான் ராட்ஜர்ஸ் நினைத்தாராம். பிறகு சொல்லியிருக்கிறார். உண்மையில் எட்வர்ட்ஸ் மேடையில் நினைவு தப்பியிருந்தார். தெளிந்து எழுந்து மிச்சத்தையும் வாசித்து முடித்தார். அதன்பின் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார், நிமோனியா. வயது 43. இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் நின்ற நண்பனுக்கே அந்த மௌனம் வாசிப்பா மயக்கமா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டது வேறு ஏதோ. சரி, இன்று ராத்திரி அவன் வாசிக்கும்போது ஃபோனை ஹாலிலேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஆம்ப்ளிஃபையர்மேல் கையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். லீட் கிட்டார் பேச்சை மட்டும் எடுக்கவேண்டாம்.