எலியின் கல்லீரலை விடுங்கள், அம்மாவின் காலைப் பாருங்கள்

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு (64) இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. இங்குள்ள டாக்டர் ஒரு வாரத்துக்கு ‘ஷகுயாகு கன்சோ தோ’ என்ற கம்போ (ஜப்பானியப் பாரம்பரிய மருத்துவம்) மூலிகைத் தூள் கொடுத்தார். நன்றாகக் கேட்டதால், அதன்பின் மருந்துக் கடையில் நானே வாங்கி இரண்டு மாதமாகத் தினமும் மூன்று பாக்கெட் கொடுக்கிறேன். சளிக்கு ‘கக்கொன்தோ’ என்ற இன்னொரு கம்போவும் உண்டு. கம்போ கொடுத்த எலிகளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதாக இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எலியில் சோதித்துவிட்டு அப்படியே மனிதருக்கு விற்கிறார்களா? அம்மாவுக்கு வாய் கசக்கிறது, முடி கொட்டுகிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. பாதம் வீங்கியிருக்கிறது. சில நாட்களாக ஸ்டேஷன் படி ஏற முடியவில்லை என்கிறார். பிபிக்கு அம்லோடிபைன், குளோர்தாலிடோன் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். இருமலுக்கு அதிமதுரக் கஷாயமும் போட்டுத் தருகிறோம். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார்.

பதில்: இன்றைக்கே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இசிஜி, பிபி, தசை சேதத்தைக் காட்டும் சிகே பரிசோதனை. மற்றதெல்லாம் அப்புறம்.

படி ஏற முடியவில்லை என்பதைக் கடைசி வரிகளில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தருவது அது ஒன்றுதான். ஷகுயாகு கன்சோ தோவில் இரண்டே சரக்குகள்: பியோனி வேர், அதிமதுரம். ஒரு நாள் அளவு ஒவ்வொன்றிலும் 6 கிராம் வேர் வரை போகும். கக்கொன்தோவிலும் அதிமதுரம் இருக்கிறது. அதற்கு மேல் உங்கள் வீட்டுக் கஷாயம். மூன்று வழியாக ஒரே சரக்கு உள்ளே போயிருக்கிறது.

அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசினைக் குடல் பாக்டீரியாக்கள் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்துவிடும். உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிபி ஏறும், கால் வீங்கும், தசை பலமிழக்கும். முற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தை வெளியேற்றும் நீர் மாத்திரைதான். பாத வீக்கம் அம்லோடிபைனாலும் வரலாம், அதனால் அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் படி ஏற முடியாமல் போவது அம்லோடிபைன் செய்கிற வேலை அல்ல.

இன்னொன்று. பொட்டாசியம் குறைந்தாலே கெண்டைக்கால் இழுக்கும். இழுக்கிறதே என்று இன்னொரு பாக்கெட் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறோமோ அதையே வளர்க்கிறோம். அந்த டாக்டர் ஒரு வாரத்துக்குக் கொடுத்தது காரணத்தோடுதான். பிடிப்பு வரும்போது மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக மாதக்கணக்கில் கொடுப்பீர்களா?

தூள், கக்கொன்தோ, கஷாயம் மூன்றையும் இப்போதே நிறுத்துங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம், அதன் அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். வாழைப்பழமும் இளநீரும் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். படபடப்பு, மயக்கம், மூச்சுவிடச் சிரமம், கை கால் தூக்க முடியாமை, கோலா நிறத்தில் சிறுநீர் – இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழையுங்கள். சிறுநீர் வெறும் மஞ்சளாகப் போவதற்குப் பயமில்லை.

சரி, எலிக்கு வருவோம். நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. ஜப்பான் 1967-இல் கம்போ மருந்துகளை அரசுக் காப்பீட்டில் சேர்க்கத் தொடங்கியது, 1976-இல் பட்டியலைப் பெரிதாக்கியது. இன்று 148 கலவைகள் அதில் இருக்கின்றன. புதிய மருந்துக்குக் கேட்கிற மனிதச் சோதனைகளைக் கேட்காமல், நீண்டகாலப் பழக்கத்தை நம்பியே சேர்த்தார்கள். இது ஏன் வேலை செய்கிறது என்று எலியைக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் பிறகுதான்.

எலி சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் கேள்வி. குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கிளைசிரைசின் கொடுத்தபோது, நான் மேலே சொன்ன அந்த மாற்றுப் பொருள் ரத்தத்தில் தென்படவில்லை. குடல் பாக்டீரியாவின் பங்கு அப்படித்தான் தெளிவானது. இந்த மாதிரி வேலைக்கு எலி உதவும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ‘இது நல்லது’, ‘இது கெட்டது’ என்ற தீர்ப்பை எலியிடம் வாங்க முடியாது. கோஷாஜின்கிகன் என்ற கலவை, ஆக்சாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் நரம்பு பாதிப்பை எலிகளில் குறைத்தது. ஜப்பானில் 182 நோயாளிகளிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூலிகை சாப்பிட்டவர்களில் 50.6 சதவீதம் பேருக்கும், போலி மருந்து சாப்பிட்டவர்களில் 31.2 சதவீதம் பேருக்கும் அந்தப் பாதிப்பு கணிசமாக வந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஷோசைகோதோ என்ற இன்னொரு கம்போ கலவை எலிகளின் கல்லீரல் தழும்பைக் குறைத்தது. அதே மருந்தைச் சாப்பிட்ட மனிதர்களில் 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, 10 பேர் இறந்தார்கள் என்று 1996 மார்ச்சில் ஜப்பான் அரசு அவசர எச்சரிக்கை விட்டது. கல்லீரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆபத்து நுரையீரல் வழியாக வந்தது.

ஆய்வக எலி இளசு. ஒரே வம்சம், ஒரே தீனி, வேறு மாத்திரை கிடையாது. உங்கள் அம்மாவுக்கு 64 வயது, பிபி, ஒரு நீர் மாத்திரை, மேலே கஷாயம். இந்தச் சேர்க்கையை எந்தக் கூண்டிலும் யாரும் சோதிக்கவில்லை. அளவும் வேறு: எலிக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் மூலிகைச் சாறு கொடுப்பது ஆய்வகங்களில் சகஜம். உடல் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்குப் போட்டு ஆறால் வகுத்தாலும், 60 கிலோ மனிதருக்கு அது 10 கிராமுக்குப் பக்கம் வரும். அம்மாவின் தூளில் ஒரு நாளைக்கு இருக்கும் சாறு அதில் கால்வாசி அளவுதான். எந்தக் கலவை, எவ்வளவு அளவு என்று சொல்லாமல் ‘எலிக்குக் கல்லீரல் போச்சு’ என்று எழுதுகிற செய்தியைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எப்படியும் ரத்தம் எடுக்கப்போகிறார்கள், கல்லீரல் என்சைமையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.  வாய்க்கசப்பையும் முடி கொட்டுவதையும் பிறகு பார்க்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவின் ஒகுசுரி தெச்சோவை (மருந்துகளைக் குறித்துவைக்கும் சிறு நோட்டு) எடுத்துப் போங்கள். கடையில் வாங்கியதையும் கஷாயத்தையும் அதில் உங்கள் கையால் எழுதுங்கள், அங்கே யாரும் அதிமதுரத்தைப் பற்றித் தாமாகக் கேட்காமல் போகலாம். நிறுத்திய பிறகும் அதன் பாதிப்பு சில வாரம் நீடிக்கலாம், அதனால் ஒருமுறை பொட்டாசியம் சரியாக வந்தாலும் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை விமானப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.