கிராமப்புறங்களில் காற்றாலை அமைப்பதில் நன்மை அதிகமா, தீமை அதிகமா? வேலூர் மாவட்டத்துக்கு வந்தால் வரவேற்கலாமா?

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் காற்றாலை இல்லை. அக்காவை உடுமலைப்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருப்பதால், பூளவாடி, குடிமங்கலம் வட்டாரத்துக் காற்றாலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். காற்று வளம் உள்ள ஊரில், நிலத்தைக் கிரயம் செய்து கொடுக்காமல் குத்தகைக்கு விட முடியுமானால் காற்றாலையை ஏற்கலாம் என்பதும், வேலூருக்கு அது பொருந்தாது என்பதும் என் கருத்து.

வேலூருக்குப் பொருந்தாததற்குக் காரணம் காற்றுதான். காற்றிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது; நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 7 மீட்டர் வீசும் இடத்தில் அது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பாலானவை பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்களுக்கு எதிரே குவிந்திருப்பதும், மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியதும் அந்தக் கணவாய்கள் வழியாகப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்றால்தான். நம் பாலாற்றுப் படுகைக்கு அப்படியொரு கணவாய் இல்லை. ஜவ்வாது மலை உச்சியில் நடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நீளமான இறக்கைகளை மேலே கொண்டுபோகக் காப்புக்காட்டை வெட்டிச் சாலை போட வேண்டியிருக்கும் என்பது ஒருபுறம். கோபுர உச்சிகளில் இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால், அதே மலையில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியுடன் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு அது நல்லதல்ல என்பது மறுபுறம்.

காற்று உள்ள ஊர்களில் கிடைக்கும் நன்மை உண்மையானது. அனல்மின் நிலையத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். காற்றாலைக்கு அந்தத் தேவையே இல்லை. தோல் கழிவால் கிணறுகளைப் பறிகொடுத்த வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக்காலத்தில்தான் பெருமளவு வருகிறது. நாம் வெயிலில் வேகும் ஏப்ரலில் அதை நம்பியிருக்க முடியாது என்பதால், வேறு மின் நிலையங்களும் இருந்தே ஆக வேண்டும்.

நன்மை தீமை இரண்டும் உண்மையில் முடிவாவது நிலத்தில்தான். அஸ்திவாரம் பிடிக்கும் இடம் கொஞ்சம். சுற்றிலும் சோளம், கொள்ளு என்று வெள்ளாமை நடக்கிறது. மாமாவின் தோட்டத்தை அடுத்து நிற்கும் கோபுரத்தின் நிழல் நீளமான ஒரு பட்டையாக விழும். உச்சி வெயிலுக்கு முன்னும் பின்னும் ஆடுகள் அதற்குள் வரிசையாகப் படுத்துக்கொண்டு, நிழல் நகர நகரத் தாமும் எழுந்து நகர்ந்து படுப்பதைப் பார்க்கலாம். அதே கோபுரத்துக்குக் கிரேன் வருவதற்காகக் கிராவல் கொட்டி மேடாக்கிய பாதை, மழைத்தண்ணீர் வழக்கமாக ஓடிய ஓடையைக் குறுக்கே அடைத்துவிட்டது. மேல்பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் தேங்குகிறது, கீழ்பக்கத்துக் குட்டை நிரம்புவதில்லை. பணம் வாங்கியவர் ஒருவர், தண்ணீரை இழந்தவர் இன்னொருவர். ஊருக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இறக்கையின் சத்தத்திலிருந்து அல்ல.

நிலத்தை மொத்தமாக விற்றவர்களின் கை சில ஆண்டுகளில் வெறுமையாகிவிடுவதையும் கண்டிருக்கிறேன். காற்றாலை வந்த பிறகு உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கும் நிரந்தர வேலை காவலாளி வேலையைத் தாண்டுவது அரிது. செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் 2023-இல் போராடியதைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, கழனி கைவிட்டுப் போவதன் பொருள் தெரியும். அந்த வகையில் காற்றாலை மேலானது: நிலம் நம் பெயரிலேயே இருக்க, ஓர் ஓரத்தை மட்டும் வாடகைக்கு விட வழி இருக்கிறது. புரோக்கர்கள் அந்த வழியைத் தாமாகச் சொல்வதில்லை.

சத்தம் பற்றி: மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல் குடியிருப்புக்கும் காற்றாலைக்கும் இடையே 500 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த இடைவெளி இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. நெருங்கியிருக்கும் வீடுகளில், மாலை வெயிலில் சுழலும் இறக்கையின் நிழல் சுவரில் விட்டுவிட்டு வெட்டுவது உண்மையிலேயே எரிச்சலூட்டும். பறவைகளும் வௌவால்களும் அடிபடுவதுண்டு. கண்ணாடியிழையால் ஆன பழைய இறக்கைகளை உருக்கி மறுபடி பயன்படுத்த எளிய வழி இல்லை என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

காற்றாலை மழை மேகத்தை விரட்டிவிடும் என்ற பேச்சில் மட்டும் சாரமில்லை. மழை மேகம் இறக்கைக்கு வெகு உயரத்தில் திரள்கிறது. மேற்கு மலையின் மறுபக்கத்தில் பெருமளவு மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்றுதான் உடுமலையில் வீசுகிறது. அங்கே மழை குறைவாக இருப்பது காற்றாலை வருவதற்கு முன்பிருந்தே உள்ள நிலை.

உங்கள் ஊருக்கு யாராவது நிலம் கேட்டு வந்தால், அந்த இடத்தில் குறைந்தது ஓராண்டு காற்றை அளந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அளந்திருந்தால் குத்தகையாகப் பேசி, பாதை ஓடையைக் கடக்கும் இடமெல்லாம் குழாய்ப் பாலம் கட்டித் தருவதையும், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கோபுரத்தைக் கழற்றி அகற்றும் செலவு யாருடையது என்பதையும் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.