நகையை அடகு வைத்துக் கூரை போடலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம், உப்பளத்தை ஒட்டிய ஊர். எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. வருஷா வருஷம் ஓடு பிரித்து அடுக்கிக் கட்டுப்படியாகவில்லை. ஷீட் போட விலை கேட்டோம். பரப்பு 800 சதுர அடி. சாதா ஜி.ஐ. தகரம் என்றால் பைப், கூலி சேர்த்து 1,20,000 ரூபாய். ஓடு வடிவக் கலர் ஷீட் 1,68,000. அதிலேயே சாதா வரி ஷீட் எடுத்தால் 12,000 குறையுமாம். 20 வருஷ கேரண்டி என்கிறார் கடைக்காரர். சம்பா நெல் விற்ற 1,30,000 கையில் இருக்கிறது. மீதிக்கு என் நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசே வரவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனாலும் உப்பளத்துக்குப் பக்கத்தில் சாதா ஜி.ஐ. வேண்டாம். உப்புக்காற்றில் அதன் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் கரைந்துவிடும். பிறகு துரு, ஒழுகல், மறுபடியும் அதே பைப், அதே கூலி. மன்னார்குடி, கும்பகோணம் போல் உள்ளே தள்ளிய ஊராக இருந்தால் கையில் இருப்பதற்குள் முடியுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

கலர் ஷீட் என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். கலர் என்பது மேலே இருக்கும் பெயிண்ட்தான். அதற்கு அடியில் ஜி.ஐ.யும் இருக்கலாம், கால்வால்யூமும் இருக்கலாம். உங்களுக்குத் தேவை கால்வால்யூம். அதன் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். பில்லில் ‘ஏ.இசட். 150’ என்று எழுதி வாங்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்று பொருள். 0.50 மி.மீ. என்று கடைக்காரர் சொன்னால், அது வெறும் இரும்பின் தடிமனா, பூச்சும் பெயிண்டும் சேர்த்தா என்று கேளுங்கள். விலை வித்தியாசம் பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கேரண்டி அட்டையைப் பணம் கட்டும் முன்பே வாங்கிப் படியுங்கள். கடலுக்கு இத்தனை தூரத்துக்குள் இருந்தால் செல்லாது என்று பல கம்பெனிகள் அதில் போட்டிருக்கும். அப்படி இருந்தால் அந்த 20 வருஷம் உங்களுக்கு இல்லை. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

ஓடு வடிவம் வேண்டாம். மிச்சமாகும் 12,000-இல் 6,000-ஐக் கூரையைத் தாங்கும் பைப் சட்டத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் போடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் கரையில்தான் ஏறியது. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று கூரையை மேலே இருந்து அழுத்துவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. ஓரமும் முகடும்தான் முதலில் கிளம்பும். அந்த இடங்களில் வரிக்கு வரி ஸ்க்ரூ, நெருக்கமான குறுக்குப் பைப், பைப்பைச் சுவரோடு பிணைக்கும் போல்ட் இவை கட்டாயம். தாழ்வாரத்தை அதிகம் வெளியே நீட்ட வேண்டாம். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் மட்டமாக இருந்தால், எவ்வளவு நல்ல ஷீட்டும் அந்தத் துளை வழியாகத்தான் ஒழுகும்.

இப்போது கணக்கு. 1,56,000-உடன் 6,000 சேர்த்தால் 1,62,000. கையில் இருப்பதில் 1,20,000 போடுங்கள். 10,000 வீட்டில் இருக்கட்டும். நகைக்கடன் 42,000 போதும். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,200. அடுத்த சம்பா அறுவடையில் முதல் வேலையாக மீட்டுவிடுங்கள். நகைக்கு இன்னும் அதிகம் கிடைக்கும் என்று கடன் தருபவர்கள் சொன்னாலும் வாங்காதீர்கள். தனியார் அடகுக்கடை வேண்டாம், வங்கிக்கே போங்கள். வட்டி மாதாமாதமா, கடைசியில் மொத்தமாகவா, தவணை தேதி என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். சொசைட்டியில் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் பயிர்க்கடனைக் கூரைக்குத் திருப்ப வேண்டாம். அது நாற்று, உரம், நடவுக்கான பணம். புரட்டாசியில் கை கடிக்கும்.

வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் நில்லுங்கள். கிரைண்டர் போட்டு அறுத்தால் பறக்கும் இரும்புத்தூள் ஷீட்டில் ஒட்டி மறுநாளே துருப்புள்ளி விடும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள், தூளை அன்றைக்கே கூட்டித் தள்ளுங்கள். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தைச் சிமெண்ட் சாந்து வைத்து அடைப்பது நம் பக்கத்து வழக்கம். ஈரச் சிமெண்ட் அலுமினியப் பூச்சை அரித்துவிடும். அங்கே மடிப்புத் தகடும் சிலிக்கானும் போடட்டும்.

பிறகு வருஷத்துக்கு 2,000 ரூபாய் கூரைக்கென்று ஒதுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருவரை ஏற்றி, பைப் இருக்கும் வரியில் மட்டும் கால் வைத்து நடந்து, தளர்ந்த ஸ்க்ரூவை மாற்றி, தென்னஞ்சருகைத் தள்ளச் சொல்லுங்கள். கோடையில் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேற்புறத்து உப்பை மழை கழுவிவிடும், அடிப்பக்கத்துக்கு மழை எட்டாது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

வீட்டுக் காப்பீடும் எடுங்கள். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயல் சேதம் அடங்கும். விண்ணப்பத்தில் ஷீட் கூரை என்றே எழுதுங்கள். ஷீட் வாங்கிய பில்லை நகை ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.