ஹர்டாங்கர் பூத்தையல்: கத்தரி வைக்கும் முன்

துணியில் தையல் கட்டங்கள் போட்டு, இடையிலுள்ள இழைகளை வெட்டி உருவி, மிஞ்சும் இழைகளை நூலால் நெய்து ஜன்னல் போன்ற இடைவெளிகள் அமைக்கும் நார்வேயின் ஹர்டாங்கர் வெள்ளைத் தையல் பற்றி வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கிராஸ் ஸ்டிட்ச் நன்றாக வரும். மேட்டி துணியிலேயே ஹர்டாங்கர் தொடங்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

இழை எண்ணும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய பலம். துணியில் மட்டும் கவனம் வையுங்கள். ஓர் அங்குலத்தில் நீளவாக்கில் எத்தனை இழையோ, அகலவாக்கிலும் அத்தனையே இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் எண்ணுங்கள். வித்தியாசம் இருந்தால் சதுரமாக வரவேண்டிய கட்டம் நீள்சதுரமாகிவிடும். அந்த மேட்டி வேண்டாம். பழகுவதற்கு, ‘ஹர்டாங்கர் துணி’ என்றே விற்கும் 22 கவுன்ட் (அங்குலத்துக்கு 22 ஜோடி இழை) பருத்தித் துணிதான் எங்கள் தேர்வு. அதில் இழைகள் இரண்டிரண்டாக ஓடும். ஒரு ஜோடியை ஓர் இழையாகக் கணக்கிடுங்கள்.

கட்டங்கள் போட 5ஆம் நம்பர் பேர்ல் காட்டன் எனும் முறுக்கிய பளபளப்பான பருத்தி நூல், மிஞ்சும் இழைகளை நெய்யும் உள்வேலைக்கு அதைவிட மெல்லிய 8ஆம் நம்பர், 22 மற்றும் 24ஆம் நம்பர் மொட்டை ஊசிகள், நுனிவரை வெட்டும் சிறிய கத்தரி, இவ்வளவு போதும். நார்வேயில் ஹர்டாங்கர் ஃபியோர்டை (மலைகளுக்கிடையே நீளும் கடற்கழி) ஒட்டிய ஊர்களில், பூனாட் எனும் பாரம்பரிய உடையின் வெள்ளை ஏப்ரனில் இந்த வேலையைப் பார்க்கலாம். லினனில் போட ஆசை வந்தால், கை பழகிய பிறகு போடுங்கள்.

வெட்டி இழையை உருவியதும் கட்டத்தின் ஓரம் பிரிந்து வந்துவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, மதுரை

தவறு பெரும்பாலும் கத்தரி எடுப்பதற்கு முன்பே நடந்திருக்கும். ஒரு கட்டம் என்பது நான்கு இழை நீளத்தில் அருகருகே போடும் ஐந்து தையல். 22 கவுன்டில் அது 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் இழை பிசகினால் கண்ணுக்குத் தெரியாது, வெட்டியதும் தெரிந்துவிடும்.

ஐந்து தையலுக்கு இடையே நான்கு இழைகள், தையல் போகும் திசையிலேயே ஓடும். அவற்றை மட்டும்தான் வெட்ட வேண்டும், அதுவும் ஊசி துணிக்குள் இறங்கிய துளை வரிசையை ஒட்டி. நூல் நீளமாகப் படுத்திருக்கும் பக்கவாட்டு ஓரத்தில் கத்தரி போகவே கூடாது, அங்கே வெட்டுமுனையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த நான்கு இழைகளின் மறுமுனையில், நேரெதிரே இன்னொரு கட்டம் இருந்தாக வேண்டும். மொட்டை ஊசியை ஒரே இழையின் வழியாக எதிர்க்கட்டம்வரை ஓட்டிப் பாருங்கள், நேரே போய்ச் சேராவிட்டால் வெட்டாதீர்கள். உருவம் முழுதும் சுற்றி முடித்து, கடைசித் தையல் முதல் துளையிலேயே வந்து விழுந்த பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும்.

வெட்டும்போது இரண்டிரண்டு இழையாக எடுங்கள். கத்தரி நுனி மறுபக்கம் வெளிவருவதைப் பார்த்தபின் அழுத்துங்கள். பின்புறத்தையும் பாருங்கள்: வெட்டப்போகும் இடத்தின் குறுக்கே நூல் தாண்டிப் போயிருந்தால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். முடிச்சுப் போட வேண்டாம், நூல் முனையைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகி முடியுங்கள்.

தவறான இழை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால் துணியைத் தூக்கிப் போடாதீர்கள். துணி ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி ஊசியில் கோத்து, வெட்டுப்பட்ட இழை ஓடிய அதே வழியில் மேலும் கீழுமாக நெய்து, இரு முனைகளையும் கட்டங்களுக்கு அடியில் மறையுங்கள். வெளியே தெரியாது.

புறாக்கண் தையல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது.
– வாசகி, கோவை

இழைகளை உருவியபின் மிஞ்சி நிற்கும் இழைக்கற்றைதான் பட்டி; நான்கு பட்டிகள் சூழ்ந்த வெற்றுச் சதுரத்தின் நடுவே போடும் நூல் வளையம்தான் புறாக்கண். சதுரத்தின் மூன்று பட்டிகளை நெய்து முடித்து, நான்காவது பட்டியின் சரிபாதியில் நிறுத்திவிட்டுத்தான் புறாக்கண்ணைத் தொடங்க வேண்டும். மூன்று பட்டிகளின் நடுப்புள்ளியையும் வளையமாகத் தொட்டு வந்து, தொடங்கிய இடத்தில் முடித்து, மிச்சப் பாதியை நெய்யுங்கள். பாதி எது என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். முதல் பட்டியில் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, எல்லாப் பட்டிக்கும் அதே எண்ணிக்கை போடுங்கள். வளையத்தை இறுக்கினால் பட்டிகள் உள்ளே வளையும். நூல் தளர்வாகப் படுக்கட்டும், பட்டியை மட்டும் இறுக்கி நெய்யுங்கள்.

வேலைப்பாட்டை எப்போது துவைப்பது?
– வாசகி, யாழ்ப்பாணம்

சுற்றிலும் பட்டன்ஹோல் தையல் போட்டபின், ஓரத் துணியை வெட்டுவதற்கு முன். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும், ஓரமும் நூல் பிரியாது. ஈரம் முழுவதும் காயுமுன், தடித்த துவாலைமேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போடுங்கள். கட்டங்கள் நசுங்காமல் மேலெழுந்து நிற்கும்.