ஐஸ்லாந்து மலைநடை: கடைக்குப் போகும் முன் படுக்கையைப் பிடியுங்கள்

கேள்வி: வரும் ஜூலையில் நானும் மனைவியும் ஐஸ்லாந்தின் லாய்காவெகுர் பாதையில் நான்கு நாள் நடக்கலாம் என்றிருக்கிறோம். டென்ட், அடுப்பு, தரைப்பாய், ஸ்லீப்பிங் பேக் என்று பட்டியல் போட்டால் ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது. எங்கே குறைக்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: பட்டியலை ஓரமாக வையுங்கள். இரவில் எங்கே படுக்கப்போகிறீர்கள், குடிலிலா டென்டிலா? அதை முடிவு செய்துவிட்டால் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப்போகும்.

லான்ட்மன்னலாய்கரில் தொடங்கித் தோர்ஸ்மோர்க்கில் முடியும் இந்தப் பாதை சுமார் 55 கி.மீ. இடையில் ஹ்ராப்ன்டின்னுஸ்கெர், ஆல்ப்தாவட்ன், எம்ஸ்த்ரூர் என்று ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் வரும். 1927-ல் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்து டூரிங் அசோசியேஷன் இவற்றை நடத்துகிறது. மெத்தை உண்டு. சமையலறையில் கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் இருக்கும். போர்வை, தலையணை மட்டும் கிடையாது. ஆக, குடிலில் தங்குபவருக்கு டென்ட், தரைப்பாய், அடுப்பு மூன்றும் வீண் செலவு. ஸ்லீப்பிங் பேக் ஒன்று போதும். குடிலுக்குப் பக்கத்திலேயே டென்ட் அடிக்கவும் இடம் தருவார்கள். ஆனால் டென்ட்காரர்களுக்குக் குடில் சமையலறை கிடையாது. அடுப்பை நீங்கள்தான் சுமக்க வேண்டும். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவே முடியாது, ரெய்க்யாவிக்கில் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

குடில்கள் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான். படுக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். உங்களுக்கு மூன்று இரவும் வரிசையாகக் கிடைத்தாக வேண்டும். அது உறுதியான பிறகு விமான டிக்கெட், அதற்கும் பிறகு கடை. நம்மவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்!

கேள்வி: ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ‘மைனஸ் 10 டிகிரி’ ஸ்லீப்பிங் பேக் கிடைக்கிறது. நம்பலாமா? (திருச்சி வாசகி)

பதில்: அந்த மைனஸ் 10 எந்த எண் என்று பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்றால் சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம், அவ்வளவே. அதிலும் உடல் விறைக்கும் ஆபத்து உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணைத்தான். மூன்றுமே போடாமல் ஒரே எண்ணைப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை. குடிலுக்குள் கம்ஃபர்ட் 5 டிகிரி தாராளம். டென்ட் என்றால் 0 அல்லது அதற்கும் கீழே பாருங்கள்.

கேள்வி: மாமா ஏழு வருடம் முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த விலையுயர்ந்த பூட்ஸ் பரணில் புதிதாகவே இருக்கிறது. அதையே போட்டுப் போகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். புதிதாகத் தெரிவதுதான் இதில் ஏமாற்று. பல மலைநடை பூட்ஸ்களில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதையும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. சென்னைப் பரணைவிட அதற்குத் தோதான இடம் ஏது? பெட்டியில் கிடந்தாலும் சிதையும். சொல்லப்போனால், அவ்வப்போது போட்டு நடந்த ஜோடியே கூடுதல் நாள் உழைக்கும். திடீரென்று ஒரு நாள் அடிப்பாகம் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோடு வரும்.

அது மெரினாவில் நடந்தால் ஆட்டோ பிடிக்கலாம். ஹ்ராப்ன்டின்னுஸ்கெர் குடில் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிபோல் உறைந்த எரிமலைக்குழம்புக் கற்களுக்கு நடுவில், ஜூலையிலும் பனி மேல் நடக்க வேண்டிய இடம்.

தள்ளுபடியில் புதிது வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். பெட்டியில் உற்பத்தி செய்த மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். மூன்று நான்கு வருடச் சரக்கு என்றால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள். நடு அடுக்கு ஈவிஏ என்ற வேறு வகை நுரை என்றால் இந்தச் சிதைவுப் பிரச்சினை இல்லை. வாங்கியபின் ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகுங்கள். கூடவே, பின்பட்டை வைத்த சாதாரண சாண்டல் ஒரு ஜோடி. வழியில் பாலமில்லாத ஓடைகள் உண்டு, பனியாற்றுத் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

புது பூட்ஸ் உதிர்ந்து, கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில்லும் பெட்டியும் பத்திரம்.

கேள்வி: மழைக்கு போஞ்சோ (தலைவழியே மாட்டும் தொளதொள மழை அங்கி) போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: போதாது. அங்கே மழை காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். போஞ்சோ தலைக்கு மேல் பறக்கும், குடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தையல்களின் உட்பக்கம் டேப் ஒட்டிய ரெயின் ஜாக்கெட்டும் பேன்ட்டும் வாங்குங்கள். நீர் தாங்கும் திறன் 10,000 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டு ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒழுகினால் திருப்பித்தரும் கெடுவுக்குள் தெரிந்துவிடும். காட்டன் ஜீன்ஸ், பனியன் கூடவே கூடாது. நனைந்தால் காயாது.

கேள்வி: விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸ் இந்த நடைக்கும் செல்லுமா? (சேலம் வாசகி)

பதில்: ஐஸ்லாந்து செல்ல எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அது தூதரகத்துக்கான நிபந்தனை. மலைநடையைக் கம்பெனி ஏற்குமா என்பது வேறு. பாலிசியில் விலக்குகள் பகுதியை எடுத்து ‘ட்ரெக்கிங்’, ‘சாகச விளையாட்டு’ என்ற சொற்களைத் தேடுங்கள். தெளிவில்லை என்றால் பாதையின் பெயர், அதிகபட்ச உயரம் இரண்டையும் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்க்க முடிகிற பாலிசிகளும் உண்டு.

கேள்வி: குடிலில் போனுக்குச் சார்ஜ் போடலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-அவர். விமான வரம்பான 100-க்குள் வரும். கைப்பையில் மட்டும் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.