பம்பாய் டின்னில் வந்த வால்வுகள்

தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பம்பாயில் டிவி ரிப்பேர் பார்த்த மாமா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் பழைய கண்ணாடி வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), பி.சி.எல்.82 நான்கு, பி.எல்.84 இரண்டு, தலையில் தொப்பி வைத்த பி.எல்.504 ஒன்று, 807 ஒன்று கிடைத்ததாம். "எல்லாரும் இ.எல்.84 வாங்கச் சொல்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. இதை வைத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கட்ட முடியுமா அண்ணே?"

தாராளமாக முடியும். பி-யில் தொடங்கும் வால்வை ஆட்கள் ஒதுக்குவது பெரும்பாலும் ஹீட்டருக்கு, அதாவது உள்ளே சூடேற்றும் இழைக்குப் பயந்துதான். பெயரின் முதல் எழுத்து இ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பி என்றால் 0.3 ஆம்பியர். பழைய டிவியில் எல்லா ஹீட்டரையும் கோயில் கொடை சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோத்து மெயின்ஸில் போட்டுவிடுவார்கள், அதனால் வோல்ட் ஒவ்வொன்றுக்கும் வேறு: பி.சி.எல்.82-க்கு 16, பி.எல்.84-க்கு 15. நீங்கள் ஒரு 15-0-15, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, நடு வயரை எர்த் செய்து, பக்கத்துக்கு ஒரு பி.சி.எல்.82 போடுங்கள். லோடு குறைவு என்பதால் 16-ஐ ஒட்டியே நிற்கும், மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வால்வின் அருமை, ஒரே கண்ணாடிக்குள் சிக்னலை முதலில் பெருக்கும் டிரையோடும் ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடும் இருப்பது. சேனலுக்கு ஒரு வால்வு போதும். பென்டோடுக்கு 200 வோல்ட், கேத்தோடு முனையில் 390 ஓம் ரெசிஸ்டர், 35 மில்லி ஆம்பியர் சுமார், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 5.6 கிலோ ஓம். மூன்றரை வாட் வரும். சிரிக்காதீர்கள், ஹாலுக்கு அது காணும்.

காசை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். மைக் செட் லைன் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் இரும்புக் கோரில் காற்று இடைவெளி கிடையாது, சேனலுக்கு ஒரே வால்வு போடும் இந்த சிங்கிள் எண்டில் ஓடும் டிசி அதைக் காந்தத்தால் நிறைத்துவிடும், பாஸ் போய்விடும். இரண்டு வால்வு மாறி மாறி ஓட்டும் புஷ்-புல்லுக்கு வேண்டுமானால் சரி.

பி.எல்.84-ன் பின் அமைப்பு இ.எல்.84 போலவே இருக்கும், அதை நம்பி 250 வோல்ட் சர்க்யூட்டில் செருகாதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்கிரீன் கம்பிவலை தாங்காது. 170-இல் ஓட்டினால் ஐந்து வாட்டுக்கு மேலேயே தரும். 504-ம் 807-ம் இப்போதைக்கு டின்னிலேயே இருக்கட்டும். அந்தத் தொப்பிதான் ஆனோடு, அதாவது உயர் வோல்ட் ஏறும் முனை, கை பட்டால் தூக்கி எறியும்.

அப்புறம், டிவி சர்க்யூட்டைப் பார்த்து மெயின்ஸை நேரே எடுக்கவே கூடாது, சேஸிஸே ஷாக் அடிக்கும். ஹெச்.டி.க்கு, அதாவது வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஃபில்டர் கண்டென்சரில் தேங்கும் சார்ஜ் வடிய அதன் குறுக்கே ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும், ஆஃப் செய்தபின்னும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

செலவு பண்ணுமுன் எல்லா வால்வையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் நல்லது, பால் வெள்ளையாக இருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூரப் போடுங்கள். சாக்கெட் பழசு வேண்டாம், புதிதாக வாங்குங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் பித்தளை நாக்கு பச்சை பூத்துப்போன சாக்கெட்டோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டி, கடைசிவரை வால்வையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.