சொல்லாமல் உள்ளே போகும் அரசிகள்

கேள்வி: பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் தீப்ஸ் அரசன் கிரியோனின் மனைவி யூரிடிக்கே வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்தப் பாத்திரம் எதற்கு?

பதில்: 1,350 வரிக்கு மேல் ஓடும் நாடகத்தில் அவள் பேசுவது ஒன்பதே வரி. அந்த ஒன்பதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அத்தீனா தேவியை வேண்டப் புறப்பட்டவள் கதவின் தாழ்ப்பாளை நெகிழ்த்துகிறாள். அப்போது வீட்டுக்கு வந்த கேடு பற்றிய பேச்சு காதில் விழ, பணிப்பெண்கள் கையில் சாய்கிறாள். தேறி வெளியே வந்து, துன்பம் எனக்குப் புதிதல்ல, சொல்லுங்கள் என்கிறாள். மூத்த மகனை முன்பே பறிகொடுத்தவள் அவள்.

தூதன் எதையும் மறைக்காமல் சொல்கிறான். இளைய மகன் ஹைமோன், தனக்கு நிச்சயித்த ஆன்டிகனி இறந்துகிடக்க, தந்தை கிரியோனின் முகத்தில் துப்பியது, வாளை ஓங்கிக் குறி தவறியது, அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொண்டது, ஆன்டிகனியின் வெளுத்த கன்னத்தில் ரத்தம் தெறித்தது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போகிறாள். பிறகு வருவது அவள் உடல்தான்.

மேடையேற்றும்போது இந்த இடத்தில் ஓர் அலறலையோ வாத்திய இசையையோ சேர்த்தால் காட்சி கெட்டுவிடும். அவள் போனதும் குழுவினரும் (பாடி ஆடி, இடையிடையே பேசும் கோரஸ்) தூதனும் பேசுவதே அந்த மௌனத்தைக் கண்டு வந்த அச்சத்தைத்தான். நடிகை கத்திவிட்டால் அந்த வசனத்துக்கு என்ன பொருள்?

கேள்வி: கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் பாதாளம் வரை தேடிப்போன யூரிடிக்கேயும் இவளும் ஒருத்தியா?

பதில்: இல்லை. பெயர்தான் ஒன்று. இவள் தீப்ஸ் நகரத்து அரசி.

கேள்வி: சோஃபோக்ளிஸின் ‘ட்ராகிஸ் பெண்கள்’ நாடகத்தில் வீரன் ஹெராக்ளிஸின் மனைவி டெயானைரா விஷம் என்று தெரிந்தேதான் கணவனுக்கு ஆடை அனுப்பினாளா?

பதில்: இல்லை, அவளுக்குத் தெரியாது. ஹெராக்ளிஸின் அம்பு பட்டுச் சாகும் நெஸ்ஸஸ் என்ற பாதி மனிதன், பாதி குதிரை, தன் ரத்தம் கணவனின் அன்பைக் கட்டிவைக்கும் மருந்து என்று அவளை நம்பவைக்கிறான். அம்பு முனையில் இருந்ததோ ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பின் நஞ்சு. தீயும் வெயிலும் படக்கூடாது என்ற அவன் சொல்லைத் தட்டாமல், வெண்கலக் கலத்தில் பத்திரப்படுத்துகிறாள். கணவன் இயோலி என்ற இளம்பெண்ணைச் சிறைபிடித்து வீட்டுக்கு அனுப்பியதும் அதை எடுக்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஆட்டு ரோமத்தால் ஆடையில் தடவி, பெட்டியில் மூடி அனுப்பிவிடுகிறாள்.

உண்மை தெரிவது அந்த ரோமத்தால்தான். வெயிலில் வீசியெறிந்த ரோமம் மரத்தூள் போல உதிர்கிறது. அது கிடந்த தரையில் நுரை பொங்குகிறது. மருந்துக்கு ஏன் வெயில் ஆகாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. ஆனால் ஆடை போய்விட்டது. மகன் ஹில்லஸ் வந்து, தந்தையைக் கொன்றவளே என்று பழிக்கும்போது இவளும் பேசாமல் உள்ளே போகிறாள். மௌனம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று குழுவினர் சொல்லியும் நிற்கவில்லை; உள்ளே போய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

கேள்வி: இந்த நாடகத்தை நடிக்க எத்தனை பேர் வேண்டும்? சாவை எப்படிக் காட்டுவது?

பதில்: அன்று ஏதென்ஸில் குழுவினரைத் தவிர, பேசும் நடிகர்கள் மூவர், அத்தனை பேரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள். சாவைப் பெரும்பாலும் மேடையில் காட்டமாட்டார்கள். பார்த்தவர் வந்து சொல்வார். உடலைக் காட்ட வேண்டுமானால் கதவைத் திறப்பார்கள், அல்லது சக்கரம் வைத்த பலகையில் வெளியே தள்ளுவார்கள். டெயானைரா உள்ளே போனபின் 150 வரிக்கு மேல் கழித்தே ஹெராக்ளிஸைத் தூக்கி வருகிறார்கள். எனவே இரண்டு வேடத்தையும் ஒரே நடிகர் முகமூடி மாற்றி ஏற்கலாம். கணவனும் மனைவியும் இந்த நாடகத்தில் ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை.